வேலியோரக் கலப்பு

— ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு மேல உன்கிட்ட எனக்கு எதுவும் வேணாம்.

— முதல்ல கையை விடு மச்சான். பட்டறை வைஸ்ல வச்சு இறுக்கிக்கிட்டே கேட்டா மனுஷனுக்கு ஐயோன்னுதான் வரும். ஆமா எங்கேர்ந்து வரும்?

— இந்த நிலைமையிலயும் உனக்கு வாய் குறையல பாரு. டேய் ஒட்டு, இந்த வைஸ்ல நான் இரும்புக் குழாயையே நசுக்கியிருக்கேன். உன் விரல் எம்மாத்திரம்? உங்க தோட்டத்துலயே ஒட்டுக் கட்டத் தெரிஞ்ச கை இது ஒண்ணுதான். அதனாலதான் உனக்கு அந்தப் பேரே. இன்னும் கொஞ்சம் சுத்துனேன்னா நாளைக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூட இன்னொருத்தன் வேணும் உனக்கு.

— எதுக்கு ஆமான்னு சொல்லணும்? அதையாவது சொல்லிட்டு நசுக்கேன்.

— தெரியாத மாதிரி கேக்குற. சரி, இன்னொரு தடவை சொல்றேன். அறுவடை முடிஞ்சதும் எங்க மரத்துக் கொட்டையை நானே பொறுக்கி, நானே நாத்தங்கால்ல போட்டேன். அத்தனையும் மெல்லோட்டு வால்நட். முளைச்சதும் மெல்லோடாத்தானே இருக்கணும்? மத்த பாத்தியெல்லாம் ஒழுங்கா முழங்கால் உயரம் நிக்குது. வேலியோர வரிசைக் கொட்டையைப் போட்ட பாத்தியில மட்டும் முளைச்ச நாலஞ்சு கன்னும் பூதம் மாதிரி எழும்பி என் இடுப்பைத் தாண்டிடுச்சு. இலையைப் பிடிச்சுப் பாத்தேன். எங்க இலை அகலம், ஓரம் வழவழன்னு இருக்கும். உங்க கல்லோட்டு வால்நட் இலை ஒல்லி, ஓரம் ரம்பப் பல்லு. இது ரெண்டுக்கும் நடுவுல நிக்குது.

— அப்ப கலப்புதான்.

— பாத்தியா, உன் வாயாலயே வந்துடுச்சு.

— நீ சொன்ன லட்சணத்தை வச்சுக் கலப்புன்னு சொன்னேன். நான் கலந்தேன்னு எப்பச் சொன்னேன்?

— தானா கலக்குமா? கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா கேக்குறவனுக்குப் புத்தி எங்க போச்சு? தாத்தா காலத்துலேர்ந்து உங்க மரமும் எங்க மரமும் ஒரே வேலிக்கு ரெண்டு பக்கமா நிக்குது. ஒரு கன்னு கலந்து பாத்திருக்கியா நீ?

— இல்ல. பாத்ததில்ல.

— ஏன்? நீயே சொல்லு. தொழில் தெரிஞ்சவன்தானே.

— உங்க மரம் முந்திப் பூக்கும். எங்க மரம் அப்ப தூங்கிக்கிட்டு இருக்கும். எங்க ஆம்பளைப்பூ சரம் விட்டு, தூள் காத்துல கிளம்புறப்ப உங்க பொண்ணுப்பூவெல்லாம் வாயை மூடிக்கிட்டுப் பிஞ்சாயிருக்கும்.

— அப்புறம்?

— அப்படியே தப்பித்தவறி ஒரு பூ திறந்திருந்தாலும் அது சொந்த இனத்துத் தூளைத்தான் முதல்ல எடுத்துக்கும். வேத்துத் தூள் மேல விழுந்தாலும் லேசுல பிடிக்காது. ஒரே வம்சம்தான், அத்தை புள்ளையும் மாமன் புள்ளையும் மாதிரி. ஆனா சேராது.

— நம்மளை மாதிரி.

— நம்மளைவிட அதுங்க மேல் மச்சான். சேரலைன்னா பேசாம நிக்குதுங்க. வெட்டிக்கிறதில்ல.

— வெட்டிக்கிறதா? யாரு முதல்ல வெட்டுனா? எங்கப்பா அந்த வேலியிலதான்டா தொங்குனாரு. முள்கம்பியிலேர்ந்து அவரைப் பிரிச்சு எடுக்கிறப்ப தோலும் சேந்து வந்துச்சு. என் கையாலதான் எடுத்தேன். இந்தா, இது அதுக்கு.

— ஐயோ... விடு... விடு மச்சான். எலும்பு... சத்தம் கேட்டுச்சு. எங்கப்பாவும்தானே அன்னைக்குச் செத்தாரு. அதுக்கப்புறம் நீ எங்கண்ணன் கையையும் வெட்டிட்டே. ஜெயிலுக்கும் போயிட்டு வந்துட்டே. இன்னுமா கணக்கு முடியல?

— முடிஞ்சுதான் இருந்துச்சு. வேலி தாண்டக்கூடாது, தாண்டுனவன் உசுரோட திரும்பக்கூடாதுன்னு ரெண்டு வீடும் பேசி முடிச்சதுதானே? அதை மீறினது நீ. உங்க மரத்துத் தூளைச் சேத்து, ஒரு வருஷம் ஃப்ரீசர்ல வச்சிருந்து, எங்க மரம் பூக்குற நேரத்துல வேலி தாண்டி வந்து, ஏணி போட்டு ஏறி ஊதியிருக்கே. கலப்புக் கன்னுக்கு வேர் வலு ஜாஸ்தி. ஒட்டுக் கட்ட அதை மாதிரி அடிமரம் கிடையாது. என் மரத்துலயே உனக்கு அடிமரம் தயார் பண்ணிக்கலாம்னு பாத்திருக்கே. ஃப்ரீசர் இருக்கிறது எங்க வீட்டுல. ஊசி இடம் குடுக்காம நூல் நுழையாது. இடம் குடுத்தது யாரு?

— எனக்கு... ஒண்ணும் தெரியாது.

— மாப்பிள்ளைதானே? என் தங்கச்சி புருஷன்தானே?

— அவரை ஏன்... அவர் பாட்டுக்கு...

— தலையை ஆட்டு, போதும். வாயால சொல்ல வேணாம், தலையை மட்டும் ஆட்டு.

— அண்ணே. கதவைத் திற.

— வேலையா இருக்கேன் பாப்பா. வீட்டுக்குப் போ.

— உள்ள யாரு கத்துறது?

— யாரும் இல்ல. கொட்டைத் தோல் உரிக்கிற மிஷின் ஓடுது.

— மிஷின் ஐயோன்னு கத்துமா? திறக்கிறியா, டிராக்டரை விட்டுக் கதவை இடிக்கவா? சாவி என் கையிலதான் இருக்கு.

— பிடிவாதக்காரி. இரு, வர்றேன். வந்துட்டு உடனே போயிடணும்.

— யார் அது மிஷின் காலோட கட்டியிருக்கிறது... அத்தானா? ஐயோ, கையைப் பாரு. விரலெல்லாம் கறுத்துப் போச்சே. அண்ணே, என்ன காரியம் பண்ணியிருக்கே?

— அத்தானாம். வேலி தாண்டி வந்த திருடன் உனக்கு அத்தானா?

— எங்கேர்ந்து பிடிச்சுக்கிட்டு வந்தே இவரை?

— நான் சொல்றேன் கேளு. எங்க பக்கத்து வாய்க்கால்ல மடை அடைச்சுக்கிட்டு இருந்தேன். பின்மண்டையில ஒண்ணு விழுந்துச்சு. கண்ணைத் திறந்தா இங்க இருக்கேன். அப்படிப் பாத்தா வேலியைத் தாண்டினது நான் இல்ல தாயி, உங்கண்ணன்தான்.

— வாயை மூடுடா.

— அண்ணே, அடிக்காதே. இங்க பாரு, அடிக்காதே அண்ணே. கட்டையாலயா அடிக்கிறே? பல்லு தெறிச்சுக் கிடக்கு பாரு. இவங்க வீட்டுல தேட ஆரம்பிச்சிருப்பாங்க. பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்து நிப்பாங்க. அப்புறம் இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு இன்னும் எத்தனை பேரைப் புதைக்கணும் நாம?

— வரட்டும். இவன் ஒத்துக்கிட்டான்னா யாரும் என்னை ஒண்ணும் கேக்க முடியாது. வேலி தாண்டுனவன் செத்தான்னு முடிஞ்சுடும். நான் செஞ்சதெல்லாம் நியாயம்னு ஆயிடும்.

— ஒத்துக்கலைன்னா?

— ஒத்துக்குவான். ஒத்துக்கிட்டே ஆகணும் பாப்பா. இல்லைன்னா எதுவுமே சரியா வராது.

— என்ன சரியா வராது? மறுபடி ஏன் வைஸ் கைப்பிடியைப் பிடிக்கிறே?

— நீ தள்ளி நில்லு. டேய், சொல்லுடா. இன்னும் ஒரு சுத்து.

— ஆ... ஆமா. ஆமா மச்சான். நான்தான். நான்தான் வந்தேன். போதுமா? விடு.

— கேட்டியா பாப்பா? காதுல விழுந்துச்சா? தூள் யாரு வச்சுக் குடுத்தது, அதையும் சொல்லு.

— நீ சொன்ன ஆளுதான்.

— பேரைச் சொல்றதுக்கு என்ன? மாப்பிள்ளைன்னு சொல்லு.

— மாப்பிள்ளை. உங்க மாப்பிள்ளைதான்.

— வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு. முடிஞ்சு போச்சு. அந்த அரிவாளை எடு.

— எடுக்க மாட்டேன். பேரை நீ ஊட்டுனே, அவர் முழுங்குனாரு. அவ்வளவுதான் நடந்துச்சு. என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பாத்து அவர் தலையில பழி போடுறியா? எங்க அவரு?

— மரக்கடைக்கு அனுப்பியிருக்கேன். இப்ப அதுவா பேச்சு? தள்ளு.

— தள்ள மாட்டேன். வெட்டுறதுன்னா என்னையும் சேத்து வெட்டு. இவர்கிட்ட நான் ஒரு கேள்வி கேக்கணும்.

— தள்ளுன்னு சொல்றேன்ல.

— அடிச்சிட்டியா? சரி. பொறந்ததுலேர்ந்து இன்னைக்குத்தான் என்னை அடிச்சிருக்கே. காது இரைஞ்சாலும் எனக்குப் பேச வரும். அத்தான், கண்ணைத் திறங்க. பூவுக்குப் பை கட்டுனீங்களா?

— ஆங்... கட்டுனேன்.

— என்ன பை?

— பை... பிளாஸ்டிக் பை.

— எப்ப கட்டுனீங்க? சரம் தொங்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?

— தொங்குனதுக்கு... அப்புறம். எல்லாம் ஒண்ணுதானே. நீ ஏன் உயிரை வாங்குற? வெட்டுறதுன்னா வெட்டச் சொல்லு.

— கேட்டியா அண்ணே? பிளாஸ்டிக் பையில பூவைக் கட்டுனா உச்சி வெயில்ல வெந்து போயிடாதா? மத்த தூள் பூவுல படாம இருக்கத்தானே பை, சரம் தொங்கி ஊரெல்லாம் தூள் பறந்த பிறகு பை கட்டுறவன் யாருக்காகக் கட்டுறான்? இவர் ஒட்டுக் கட்டுறவர். மகரந்தம் ஊதுற வேலை இவர் ஜென்மத்துல செஞ்சதில்ல. நீ எதைக் கேட்டிருந்தாலும் ஆமான்னுதான் சொல்லியிருப்பார். மழை பேஞ்சதுக்கே நான்தான் காரணம்னு ஒத்துக்கிட்டிருப்பார்.

— அப்ப அந்தக் கன்னு எங்கேர்ந்து வந்துச்சு? ஆகாசத்துலேர்ந்தா?

— ஆமா. ஆகாசத்துலேர்ந்துதான்.

— விளையாடாதே பாப்பா. அரிவாள் என் கையில இருக்கு.

— நான் விளையாடல. போன வருஷம் மரம் பூத்தப்ப நீ எங்க இருந்தே?

— உனக்குத் தெரியாதா? உள்ள இருந்தேன்.

— அதான். அறுவடைக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்தே. மரத்துல கொட்டை தொங்குறதைப் பாத்தே, பூத்ததைப் பாக்கல. போன வருஷம் மொட்டு வெடிச்சு இலை விட்ட பிறகு உறைபனி விழுந்துச்சு அண்ணே. வேலியோரம் பள்ளம். குளிர் தண்ணி மாதிரி, மேட்டுலேர்ந்து இறங்கிப் பள்ளத்துலதான் தேங்கும். மேட்டு மரத்தையெல்லாம் புகை போட்டுக் காப்பாத்திட்டோம். வேலியோர வரிசை மொத்தமும் போச்சு. காலையில பாத்தா தீ வச்ச மாதிரி கறுப்பாத் தொங்குது. தளிர், பூ, சரம் ஒண்ணு மிச்சமில்ல.

— அப்புறம் கொட்டை எப்படி வந்துச்சு? பூவே இல்லாம காய்ச்சுதா?

— நீயா அண்ணே இதைக் கேக்குற? நுனி செத்தா மரம் சும்மா இருக்குமா? பக்கத்து மொட்டு வெடிச்சு மறுபடி தளிர் விட்டுச்சு. அதுல கொஞ்சமே கொஞ்சம் பொண்ணுப்பூ வந்துச்சு. ரொம்பத் தாமதமா. சரம் ஒண்ணுகூட வரல, மேட்டு மரத்துச் சரமெல்லாம் அதுக்குள்ள கொட்டி முடிஞ்சு போச்சு. சொந்தத் தூள் ஒரு பொட்டு கிடையாது. பூ வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. அந்த நேரம் பாத்து வேலிக்கு அந்தப் பக்கம் என்ன ஆச்சு?

— கல்லோடு சரம் விட்டுச்சு.

— நீயே சொல்லிட்டே. காத்தும் அவங்க பக்கத்துலேர்ந்துதான் அடிச்சுது. பசியோட இருக்கிறவன் யார் வீட்டுச் சாப்பாடுன்னா பாப்பான்? அந்தக் கொஞ்சப் பூவுலயும் நாலஞ்சுதான் பிடிச்சிருக்கு, அதுதான் உன் பாத்தியில பூதமா நிக்குது. கையால ஊதியிருந்தா கொத்துக் கொத்தா இல்ல பிடிச்சிருக்கணும்? பாத்தி முழுக்க இல்ல கன்னு நிக்கணும்?

— நல்லாக் கதை கட்டுற.

— கதையா? அந்த மூலையில என்ன கிடக்கு? நீயே கவாத்துப் பண்ணிப் போட்டியே, வேலியோரத்துக் கிளை. இந்தா, ஒண்ணு எடுத்துப் பாரு. நான் சொல்றதை நம்ப வேணாம், மரத்தைக் கேளு. நுனி கருகி நிக்குதா? அதுக்குக் கீழ ரெண்டு பக்கமும் புதுசா பிரிஞ்சிருக்கா?

— இது... பூச்சி விழுந்தாலும் இப்படித்தான் ஆகும்.

— அடுத்ததை எடு. அதுக்கடுத்ததை எடு. எல்லாத்துலயும் ஒரே உயரத்துல ஒரே நாள்ல பூச்சி கடிச்சுதா? கத்தியால கீறிப் பாரு. உனக்குத் தெரியாத மரமா?

— உள்ள செத்திருக்கு.

— எதனால செத்திருக்கு?

— பனியாலதான்.

— அப்பாடி. அந்த அரிவாளைக் கீழ போடு அண்ணே.

— மச்சான், ரத்தமா வருது வாயில, ஆனாலும் சொல்லிடுறேன். அன்னைக்கு உங்க பக்கம் புகையைப் பாத்தேன். எங்க மரத்துக்கு ஒரு சேதாரமும் இல்ல, அதான் தூங்கிக்கிட்டு இருந்துச்சே. இவங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கிடந்து ஓடினாங்க. எரிக்க ஒண்ணும் பத்தல. வைக்கோல் கட்டு எங்ககிட்ட நிறைய இருந்துச்சு. தூக்கி வீசினேன்.

— வேலி தாண்டினியா?

— கட்டு தாண்டுச்சு மச்சான். நான் தாண்டல.

— இதை ஏன்... ஏன் பாப்பா இத்தனை நாளா ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?

— நீ வந்த நாள்லேர்ந்து இந்த வீட்டுல யாரை வாய் திறக்க விட்டே? என் வீட்டுக்காரர்தான் சொல்லக்கூடாதுன்னாரு. பனின்னு ஆரம்பிச்சா வைக்கோலும் வெளிய வரும், அந்த வீட்டுக் கை நம்ம தோட்டத்துக்குள்ள நீண்டுச்சுன்னு தெரிஞ்சா உங்கண்ணன் நிக்க வச்சு வெட்டுவான், கழுத்துல கத்தி வந்தா ஒழிய சொல்லாதேன்னாரு. நல்ல மனுஷன் நாலு மரத்தைக் காப்பாத்தினதுக்கு இந்த வீட்டுல ஒளிச்சு வைக்க வேண்டியிருக்கு.

— கழுத்துல கத்தி வந்தா ஒழிய.

— ஆமா. வைஸைத் திருப்பு. நீயே திருப்பு. நீ இறுக்குனது என் கைக்கு வராது.

— மெதுவா... மெதுவா மச்சான். இழுக்காதே.

— இருங்க அத்தான், இந்தத் துணியைச் சுத்துறேன். அடிபட்ட கையைத் தூக்கியே பிடிங்க. ரெண்டு விரல் தேறாது போலிருக்கு. மத்ததைக் காப்பாத்திடலாம். வண்டி எடுத்து நானே ஆஸ்பத்திரியில விடுறேன். மிஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்வீங்களா? எனக்காக.

— சொல்றேன். எங்கண்ணன் நம்ப மாட்டான். ஆனா ஒத்தக் கையை வச்சுக்கிட்டு அவனும் எத்தனைதான் சண்டை போடுவான்? நானே பேசிக்கிறேன். இன்னையோட விடு. என்னமோ, உசுரு மிச்சம்.

— கேட்டியா அண்ணே? பல்லு போயி, விரலு போயி அந்த மனுஷன் சொல்றதை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. ஏன் தரையில உக்காந்துட்டே? எழுந்திரு. மூஞ்சியைக் கழுவு. யாரும் சாகல. சாகறதுக்கு முன்னாடி நான் வந்துட்டேன். எழுந்திரு.

— பாப்பா.

— என்ன?

— இந்தக் கிளையை நான்தான் வெட்டினேன். என் கையாலதான் வெட்டிப் போட்டேன். ஒரு தடவை குனிஞ்சு பாத்திருக்கலாம்.

— சரி, பாக்கல. இப்பப் பாத்துட்டேல்ல? இன்னும் உனக்குச் சந்தேகம் இருந்தா அவர் வந்ததும் அவரையே கேளு. அன்னைக்குப் பனியில நின்னு புகை போட்டவரு அவரு. நான் சொன்னதையேதான் சொல்லுவாரு, ஒரு சொல் மாறாது. அண்ணே, மரக்கடைக்கு எந்த வண்டியில அனுப்புனே? டிராக்டர் இங்க நிக்குது, லாரியும் வெளியதானே நிக்குது?

— இவனை முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ.

— நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அவர்கிட்ட இதைப் பத்திக் கேட்டியா?

— கேட்டேன். காலையிலயே கேட்டேன்.

— என்ன சொன்னாரு?

— கடைசி வரைக்கும் பனின்னுதான் பாப்பா சொன்னான்.